மேலே கசிந்தால் கீழே சீழ்

கருவேப்பிலங்குறிச்சியில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி எடுத்தால் முதலில் கிராம்பு வைத்துப் பார்ப்பார். அதற்கு அடங்காவிட்டால் மருந்துக் கடையில் மாத்திரை. இரண்டு மூன்று இரவுகள் தூக்கம் கெட்ட பிறகுதான் விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறுவார். சிலர் சிதம்பரம் போவார்கள். 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2021இல் அரசு சுகாதாரத் துறையின் கைக்கு வந்த பல் மருத்துவமனை அங்கே இருக்கிறது. எங்கே போனாலும் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "சொத்தை நரம்பு வரைக்கும் போயிடுச்சு. புடுங்க வேணாம், ரூட் கேனால் பண்ணிக் காப்பாத்திடலாம்."

இரண்டு மூன்று முறை போய்வந்ததும் வலி நின்றுவிடும். கடைசி நாளில் வெள்ளையாக ஏதோ ஒரு சிமெண்டை வைத்து அடைத்துவிட்டு, "பத்து நாள் கழிச்சு வாங்க, கேப் போட்டுடலாம்" என்பார் டாக்டர். பத்து நாள் போகிறது. வலிதான் இல்லையே. கேப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். வயலில் நடவு நடக்கிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, வீட்டில் ஒரு விசேஷம் வருகிறது. பத்து நாள் ஆறு மாதமாகிறது. சிமெண்டு ஓரத்தில் சிறிது பெயர்ந்திருக்கும், நாக்கில் தட்டும், அதையும் மறந்துவிடுவார். ஒரு நாள் ஈறு வீங்கி எழுந்திருக்கும்போது, "ரூட் கேனால் பண்ணியும் பல்லு நிக்கல" என்று ஊரில் சொல்வார்.

அவர் சொல்வது பெரும்பாலும் தவறு. வேர் சிகிச்சை தோற்றுப்போகவில்லை. அது முடிக்கப்படவே இல்லை.

பல்லின் நடுவில் இருப்பது வெறும் நரம்பு மட்டுமல்ல. நரம்பு இழைகள், இரத்தக் குழாய்கள், பல்லைக் கட்டிய உயிரணுக்கள் எல்லாம் சேர்ந்த மெல்லிய திசு அது. பல் கூழ் என்று நூல்களில் எழுதுகிறோம். சொத்தை ஆழமாகிக் கிருமிகள் உள்ளே போனால் கூழ் வீங்குகிறது. சுற்றிலும் இறுகிய சுவர் இருப்பதால் அந்த வீக்கத்துக்கு இடமில்லை. அதனால்தான் பல்வலிக்கு அத்தனை கொடுமை. கூழ் செத்துப்போன பிறகு வலி சில காலம் அடங்கும். ஆனால் அதோடு, கூழ் இருந்த வேர்க் கால்வாய்க்குள் இரத்த ஓட்டமும் நின்றுபோகிறது. இரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளை அணுக்களும் போக முடியாது, நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் போக முடியாது. கிருமிகள் அங்கே நிம்மதியாகக் குடியிருந்து, தங்கள் நச்சை வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் கசியவிடுகின்றன. உடல் அந்த இடத்தில் எலும்பைக் கரைத்துத் தற்காப்புப் படையை நிறுத்துகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றித் தெரியும் கறுப்பு வட்டம் அதுதான். மாத்திரை முகவீக்கத்தை அடக்கலாம்; குடியிருப்பைக் காலி செய்யாது.

இதற்கெல்லாம் காரணம் கிருமிதான் என்பதை ஐயமில்லாமல் காட்டிய சோதனை 1965இல் அமெரிக்காவில் நடந்தது. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளின் கடைவாய்ப் பற்களில் கூழ் தெரியும்படி துளை போட்டு, மூடாமல் விட்டார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொன்று பிறந்ததிலிருந்தே கிருமி இல்லாத கூண்டுகளில் வளர்ந்த எலிகள். சாதாரண எலிகளின் பற்களில் எட்டாம் நாளுக்குள் மேல்பகுதிக் கூழ் அழுகிவிட்டது. பிறகு வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியில்லா எலிகளுக்கும் அதே துளைதான், அந்தத் துளையில் தீனி அடைத்துக்கொண்டும் இருந்தது. அப்படியும் அவற்றின் கூழ் சாகவில்லை. சில வாரங்களில் துளையின் அடியில் புதிதாகப் பல் திசு வளர்ந்து தானே மூடிக்கொண்டது. துளை கெடுதல் செய்யவில்லை, துளை வழியாக வந்தவை கெடுதல் செய்தன. வேர் சிகிச்சையின் அடிப்படை முழுவதும் இந்த ஒரு சோதனையில் அடங்கியிருக்கிறது என்பேன்.

கால்வாயை மெல்லிய கம்பி அரங்களால் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுகிறார்கள். பல்லை மட்டும் வெளியே நீட்டிவிட்டு மற்ற வாயை மறைக்கும் ரப்பர் திரை, எச்சில் உள்ளே இறங்காமல் இருப்பதற்காக. 1864இல் நியூயார்க் பல் மருத்துவர் பார்னம் கொண்டுவந்த எளிய முறை அது. இன்றும் பலர் அதைத் தவிர்ப்பது எனக்கு வருத்தம். இத்தனை செய்தும் கால்வாயிலிருந்து கிருமிகளை அடியோடு ஒழிக்க யாராலும் முடியாது. கிளைகளிலும் மூலைகளிலும் சில மிஞ்சும். ஆகவே சிகிச்சையின் உண்மையான திட்டம் மூன்று படிகள் கொண்டது: பெரும்பகுதியைக் கொல்வது, மிஞ்சியவற்றை உணவில்லாமல் அடைத்துவைப்பது, வெளியிலிருந்து புதிதாக எதுவும் வராமல் காப்பது.

அடைப்பதற்குக் கட்டாபெர்ச்சா என்ற பொருள். மலாய்த் தீபகற்பத்தின் காட்டு மரமொன்றின் பால் அது. 1843 வாக்கில் சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு அறிமுகமானது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது உலகைச் சுற்றியது. மரத்தையே வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள் என்பதால் காடுகள் அழிந்தன. நம் முன்னோர் மலாயாத் தோட்டங்களில் வெட்டிய ரப்பர் பாலும் இதுவும் வேதியியலில் உடன்பிறப்புகள். ஒரே மூலக்கூறுச் சங்கிலி, கண்ணிகள் திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் ரப்பர் இழுபடும், கட்டாபெர்ச்சா இறுகி நிற்கும். வேர்க் கால்வாய்க்குள் அது 1867 முதல் போகிறது. உடலுக்குப் பகையில்லாத நல்ல பொருள். ஆனால் பல் சுவரோடு தானாக ஒட்டாது. இடைவெளியை நிரப்ப ஒரு பசை வேண்டும், அந்தப் பசை காலப்போக்கில் எச்சிலில் கரையக்கூடியது.

பல் சுவரும் திண்மையான பாறை அன்று. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் திசுவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழல்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று மைக்ரான் அகலம். கிருமியின் பருமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான். விருத்தாசலம் செராமிக் பட்டறையில் முதல் சூட்டில் வெந்து இன்னும் கிளேஸ் ஏறாத பொம்மையை ஈரக் கையால் தொட்டால், விரலில் இருக்கும் ஈரத்தை அது உடனே உறிஞ்சிக்கொள்ளும். மேல்மூடி போன பல் அப்படிப்பட்ட நிலையில் இருக்கிறது.

மேலே மூடாவிட்டால் எவ்வளவு விரைவில் கசியும்? 1987இல் ஸ்வான்சன், மேடிசன் இருவரும் பிடுங்கிய பற்களின் வேர்களை முறைப்படி அடைத்து, மேல்பக்கத்தைத் திறந்தபடி செயற்கை எச்சிலில் ஊறவைத்து, பிறகு சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்றே நாள் ஊறிய பற்களிலும் வேரின் நீளத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாயம் இறங்கியிருந்தது. சாயம் வேறு, கிருமி வேறு என்று எதிர்க்கேள்வி வந்தது. 1990இல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் டொராபினெஜாடும் உடனிருந்தவர்களும் உயிருள்ள கிருமிகளையே வைத்துப் பார்த்தார்கள். ஒரு வகைக் கிருமி 19 நாட்களிலும் மற்றொரு வகை 42 நாட்களிலும் பாதிக்கு மேற்பட்ட கால்வாய்களைக் கடந்து அடியை எட்டின. 1993இல் மனிதரின் இயல்பான எச்சிலையே பயன்படுத்தியபோது, மேலே மூடாத கால்வாய்கள் எல்லாமே 30 நாட்களுக்குள் அடிவரை கெட்டுப்போயின.

டாக்டர் கடைசி நாளில் வைக்கும் வெள்ளைச் சிமெண்டு இந்தத் திறப்பைத்தான் மறைக்கிறது. துத்தநாக ஆக்சைடும் கால்சியம் சல்பேட்டும் கலந்த அது, எச்சில் ஈரத்தைக் குடித்து விரிந்து ஓரங்களை அழுத்திப் பிடிக்கும். அந்த வேலைக்கு அது கெட்டிக்காரப் பொருள். ஆனால் குறைந்தது மூன்றரை மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், மென்று தின்னும் பல்லில் தினமும் தேயும். அதன் ஆயுள் வாரக்கணக்கு. மாதக்கணக்கில் நிற்பதற்காக யாரும் அதைச் செய்யவில்லை.

1995இல் ரே, டிரோப் என்ற இருவர் வெளியிட்ட ஒரு கட்டுரை பல் மருத்துவ உலகில் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருந்த எக்ஸ்ரேக்களிலிருந்து, வேர் சிகிச்சை முடிந்து நிரந்தர அடைப்போ கேப்போ போட்ட 1,010 பற்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பல்லிலும் இரண்டு கேள்விகள்: வேருக்குள் அடைத்தது நன்றாக இருக்கிறதா, மேலே போட்டது நன்றாக இருக்கிறதா? அதன் பிறகு வேர் நுனியில் கறுப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருந்த பற்களில் 91.4 சதவீதம் நோயில்லாமல் இருந்தன. இரண்டும் மோசமாக இருந்தவற்றில் 18.1 சதவீதம்தான். இதுவரை வியப்பில்லை. நடுவிலிருந்த இரண்டு எண்கள்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தன. வேரை நன்றாக அடைத்து மேலே மோசமாக விட்டவற்றில் நலமாக இருந்தவை 44.1 சதவீதம். வேர் அடைப்பு மோசமாக இருந்தும் மேலே நன்றாக மூடியவற்றில் 67.6 சதவீதம்.

கால்வாயைச் சுத்தம் செய்வதற்கே ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்த நிபுணர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மேல் அடைப்பு என்பது அதுவரை பொது மருத்துவர் முடித்துக்கொள்ளும் சில்லறை வேலையாகக் கருதப்பட்டது. அதுதான் தலையெழுத்தை முடிவு செய்கிறது என்று ஆயிரம் எக்ஸ்ரேக்கள் சொன்னால்?

ஆனால் ஒரு கட்டுரை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், வேறொரு ஊரில் அது நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 2000இல் ஆஸ்லோவில் டிரான்ஸ்டாட் குழுவினர் 1,001 பற்களை அதே வழியில் ஆராய்ந்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தால் 81 சதவீதம் நலம். வேர் நன்று, மேல் மோசம் என்றால் 71. வேர் மோசமானவற்றில் மேல் அடைப்பு நன்றாக இருந்தால் 56, மோசமாக இருந்தால் 57. அதாவது, நார்வே பற்களில் வேர் வேலை கெட்டிருந்தால் மேலே என்ன போட்டும் பயனில்லை. வேர் வேலை சரியாக இருந்த இடத்தில் மேல் அடைப்பு பத்து சதவீத வேறுபாட்டைக் கொண்டுவந்தது. ஃபிலடெல்ஃபியாவின் வரிசை ஆஸ்லோவில் தலைகீழானது.

2003இல் ரிக்கூச்சியும் பெர்கன்ஹோல்ட்ஸும் இன்னொரு வகையில் கேட்டார்கள். மேல் அடைப்பு உடைந்தோ சொத்தையாகியோ மூன்று மாதத்துக்கும் மேலாக வாய்க்குத் திறந்து கிடந்த, வேர் சிகிச்சை செய்த பற்களை எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் தேடினார்கள். மேல் முனையில் கிருமி ஏராளம். ஆனால் நன்றாக அடைத்த பெரும்பாலான வேர்களில் அது நடுப்பகுதிக்குக்கூட இறங்கவில்லை. கண்ணாடிக் குப்பியில் 30 நாளில் நடந்தது, மனித வாயில் அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

2011இல் கில்லனும் உடனிருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வேர் அடைப்பும் மேல் அடைப்பும் சரியாக இருக்கும்போது நோய் ஆறும் வாய்ப்பு விகிதம் மிக அதிகம். இரண்டில் எது கெட்டாலும் அது விழுகிறது. இரண்டும் சரியாக இருப்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு ஏறத்தாழ 2.7 முதல் 2.8 மடங்கு. எது கெட்டது என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்தக் கால் நூற்றாண்டு வாதத்தை நான் படித்து வைத்திருப்பது இப்படி: ரே, டிரோப் கட்டுரையை வைத்துக்கொண்டு "மேலே நல்லா மூடினா போதும்" என்று வேருக்குள் அரைகுறையாக வேலை செய்கிறவர் அதைத் தவறாகப் படிக்கிறார். அந்த எக்ஸ்ரேக்கள் ஒரு கணத்தின் படங்கள். மேலே அக்கறையோடு மூடிய கை, உள்ளேயும் ரப்பர் திரை வைத்து அக்கறையாகக் கழுவியிருக்கலாம். எக்ஸ்ரேயில் அந்தக் கழுவல் தெரியாது, அடைப்பின் வடிவம் மட்டும் தெரியும். அதேபோல ரிக்கூச்சியின் முடிவைக் காட்டி, மூன்று மாதம் திறந்து கிடந்தாலும் பரவாயில்லை என்று நோயாளியிடம் சொல்பவரும் தவறு செய்கிறார். மிகக் கவனமாக அடைத்த வேர்களைப் பற்றிய முடிவு அது. எல்லா வேரும் அப்படி அடைக்கப்படுவதில்லை. உறுதியாக நிற்பது ஒன்றுதான்: மேல் வேலை என்பது சிகிச்சைக்குப் பிறகு வரும் அலங்காரம் இல்லை, அது சிகிச்சையின் சரிபாதி.

இதுவரை கிருமியை மட்டும் பேசினோம். கேப்புக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பார்க்கப்போனால் நம் ஊர் வாய்களில் அதிகப் பற்களைக் காவுவாங்குவது அந்த வேலை நடக்காததுதான். பல் பிளந்துபோகிறது.

உயிர் போன பல் காய்ந்து நொறுங்கும் என்று ஊரில் சொல்வார்கள். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1992இல் செட்ஜ்லியும் மெஸ்ஸரும் ஒரே வாயின் இடது வலது பற்களை இணைசேர்த்து, ஒன்று வேர் சிகிச்சை செய்தது, மற்றது உயிருள்ளது என்று வைத்து, வலிமையை அளந்தபோது சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. பல் நொறுங்குவது செத்ததால் இல்லை, அதில் மிச்சமிருக்கும் சுவர் குறைந்ததால். 1989இல் ரீயும் மெஸ்ஸரும் டக்ளஸும் அதை அளந்தே காட்டியிருந்தார்கள். வேர் சிகிச்சைக்காக நடுவில் போடும் திறப்பு பல்லின் விறைப்பை 5 சதவீதம் மட்டுமே குறைக்கிறது. ஆனால் சொத்தை முன்னும் பின்னும் பக்கச் சுவர்களைத் தின்றுவிட்டு, மூன்று பக்கம் அடைக்கும் நிலை வந்திருந்தால் 63 சதவீதம் போய்விடுகிறது. வேர் சிகிச்சைக்கு வரும் கடைவாய்ப் பற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. பொங்கல் கரும்பைக் கடிக்கும்போது அந்தப் பல்லின் மேல் விழும் விசை சில நூறு நியூட்டன். நின்றிருக்கும் மெலிந்த சுவர்கள் வெளிப்பக்கம் விரிகின்றன. ஒரு நாள் விரிசல் ஈறுக்குக் கீழே ஓடிவிட்டால் அந்தப் பல்லை யாராலும் காப்பாற்ற முடியாது. உள்ளே வேர் எவ்வளவு அழகாக அடைக்கப்பட்டிருந்தாலும் சரி.

கடைவாய்ப் பல்லின் கேப் அந்தச் சுவர்களை மேலிருந்து மூடி ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. 2002இல் அக்விலினோ, காப்லன் இருவரும் அயோவாவில் கணக்கிட்டபோது, வேர் சிகிச்சைக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்டவற்றைக் காட்டிலும் ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயின. 2004இல் சலேராபியும் ரோட்ஸ்டைனும் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 14,62,936 பற்களைப் பின்தொடர்ந்தார்கள். எட்டு ஆண்டுக்குப் பிறகு 97 சதவீதம் வாயில் இருந்தன. பிடுங்கப்பட்ட சிறுபகுதியைப் புரட்டிப் பார்த்தால், அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு மேல்மூடி இல்லை. இந்த எண்களிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். கேப்புக்குச் செலவிட முடிந்தவர் பல்லையும் மற்ற வகைகளில் நன்றாகக் கவனித்திருப்பார். நம்பிக்கையற்ற பல்லுக்கு டாக்டரே கேப் போட்டிருக்க மாட்டார். அவ்வளவையும் கழித்தாலும் மிச்சமிருக்கும் வேறுபாடு பெரியது.

முன்பற்களின் கதை வேறு. 1984இல் சோரென்சன், மார்டினாஃப் 1,273 பற்களைப் பார்த்து, கடைவாய்ப் பற்களுக்குக் கேப் நன்மை செய்வதையும், முன்பற்களுக்கு அப்படி நன்மை தெரியாததையும் எழுதினார்கள். முன்பல் கிழிக்கும், அரைக்காது. பெரிதாக உடையாத முன்பல்லுக்கு உள்திறப்பை நிறமொத்த அடைப்பால் நன்றாக மூடினாலே போதும். அதற்கும் கேப்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. இன்னொன்று: வேருக்குள் இறக்கும் ஊன்றுகோல் கம்பி பல்லை வலுப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது மேல்கட்டுமானத்தைத் தாங்குமே தவிர வேரை வலுப்படுத்தாது. வலு தருவது, கேப்பின் விளிம்பு சுற்றிலும் கவ்விக்கொள்ள மிஞ்சியிருக்கும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள நல்ல பல் சுவர். அந்த இரண்டு மில்லிமீட்டர் சொத்தையில் கரையும் முன் வர வேண்டும். தாமதத்தின் விலை அங்கேதான் இருக்கிறது.

கேப் என்ன பொருளால் ஆகிறது என்ற கேள்விக்கு விருத்தாசலத்துக்காரர்களைவிட நெருக்கமானவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. செராமிக் தொழிற்பேட்டையும் அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ள ஊர் அது. பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கேரியர் என்று சூளையில் வேகும் எதுவும் அங்கே புதிதில்லை. பட்டறையில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை தெரியும். சூளை ஆறும்போது உள்ளிருக்கும் மண்ணுடலும் மேலிருக்கும் கிளேஸும் சுருங்குகின்றன. கிளேஸ் உடலைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கினால் அது அழுத்தத்தில் நிற்கும், உறுதியாக இருக்கும். அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு, மேற்பரப்பெங்கும் மயிரிழை விரிசல் ஓடும். உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்பிலும் சிக்கல் இதேதான். பல் உலோகக் கலவைகள் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 14 பங்கு அளவில் விரியும். சாதாரண ஃபெல்ஸ்பார் பீங்கான் எட்டுப் பங்குதான் விரியும். இரண்டையும் சேர்த்துச் சுட்டால் ஒட்டாது. 1962இல் வைன்ஸ்டைன் குழுவினர் காப்புரிமை பெற்ற வழி, பீங்கானுக்குள் லூசைட் என்ற படிகத்தை வளர்த்து அதன் விரிவை உலோகத்துக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்துவது. அந்தச் சிறு குறைவு வேண்டுமென்றே வைத்தது. பீங்கான் அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக.

இன்று எல்லோரும் கேட்பது ஜிர்கோனியா கேப். அதன் மூலமான சிர்கான் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிரித்தெடுக்கப்படுகிறது. செராமிக் கிளேஸை வெண்மையாக்கும் பொருளும் அதே சிர்கான்தான். 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கார்வியும் உடனிருந்தவர்களும் ஜிர்கோனியாவின் விந்தைக் குணத்தை வெளியிட்டார்கள். விரிசல் ஒன்று அதற்குள் முன்னேறும்போது, விரிசல் முனையிலுள்ள படிகங்கள் வடிவம் மாறிச் சில சதவீதம் பருக்கின்றன. பருத்து விரிசலை நெருக்கி நிறுத்துகின்றன. பீங்கான் இனத்தில் இவ்வளவு உறுதி அதுவரை கண்டதில்லை.

ஆனால் கேப்பின் உறுதியும் கேப்பின் பொருத்தமும் வெவ்வேறு செய்திகள். கடையில் தருவதுபோல இத்தனை ஆண்டு வாரண்டி என்று அட்டை தருகிறார்கள். அந்த அட்டை கேப் உடைவதைப் பற்றியது. பல் கெடுவது கேப் உடைந்து அல்ல, விளிம்பில். 1971இல் மக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேப்களை ஆராய்ந்து, 120 மைக்ரான் வரையிலான விளிம்பு இடைவெளியை ஏற்கலாம் என்றார்கள். அந்த இடைவெளியில் நூறு கிருமிகள் தோளோடு தோள் நிற்கலாம். அதை நிரப்பி நிற்பது ஒட்டுச் சிமெண்டு. ஆகவே அளவு எடுக்கும்போது ஈறு இரத்தம் கசியாமல் இருப்பது, ஒட்டும்போது பல் ஈரமில்லாமல் இருப்பது, விளிம்பு நல்ல பல்லில் முடிவது ஆகிய மூன்றும், உலோகமா ஜிர்கோனியாவா என்பதைவிடப் பெரிய கேள்விகள். நன்றாகப் பொருந்திய எளிய உலோகக் கேப், விளிம்பு தூக்கிய விலையுயர்ந்த கேப்பைவிடப் பல மடங்கு மேல்.

கேப் தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கும் வழி இருக்கிறது. வேரை அடைத்த அன்றே, கால்வாய் வாய்களின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நிரந்தரப் பொருளை வைத்து மூடிவிடலாம். 1972இல் வில்சனும் கென்ட்டும் லண்டனில் அறிமுகப்படுத்திய கிளாஸ் அயனோமர் இதற்கு ஏற்றது. கண்ணாடித் தூளும் அமிலமும் கலந்த அந்தச் சிமெண்டு டென்டினோடு வேதியியல் முறையில் பிணைகிறது, ஃபுளோரைடையும் மெல்ல விடுவிக்கிறது. வெள்ளைத் தற்காலிகச் சிமெண்டு பெயர்ந்தாலும் அடியில் இந்த இரண்டாம் தடுப்பு நிற்கும். செலவு அதிகமில்லை. பணத்துக்காகக் கேப்பைத் தள்ளிப்போடும் நோயாளியிடம் டாக்டர் பேச வேண்டியது இதைத்தான்: "இப்போதைக்குப் பணம் இல்லைன்னா பரவாயில்ல, இன்னைக்கே உள்ளே நிரந்தரமா மூடிடறேன். கரும்பு, முறுக்கு அந்தப் பக்கம் வேணாம். முடிஞ்ச சீக்கிரம் வந்துடுங்க." நோயாளியும் முதல் நாளே, வேர் வேலைக்கு எவ்வளவு, மேல் வேலைக்கு எவ்வளவு என்று இரண்டையும் கூட்டிக் கேட்க வேண்டும். முதல் பாதிக்கு மட்டும் பணம் தேற்றிக்கொண்டு நாற்காலியில் ஏறுவதால்தான் பாதியில் நின்றுபோகிறது.

அடைப்பு பெயர்ந்துவிட்டால் அன்றோ மறுநாளோ போய்விட வேண்டும். எவ்வளவு நாள் திறந்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1991இல் மகுராவும் உடனிருந்தவர்களும் எச்சில் இறங்கும் வேகத்தை ஆராய்ந்து, மூன்று மாதம் திறந்து கிடந்த வேர்களை மறுபடி சுத்தம் செய்து அடைப்பதை யோசிக்கச் சொன்னார்கள். பல டாக்டர்கள் இன்றும் அந்த எல்லையை மனதில் வைத்தே முடிவெடுக்கிறார்கள். திறந்திருந்த பல்லின் மேல் அப்படியே கேப் ஒட்டினால் கிருமிகளையும் சேர்த்து மூடுவதாகும்.

வலி இல்லாததை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. உள்ளே நரம்பில்லை, வேர் நுனியில் எலும்பு சத்தமில்லாமல் கரையும். அதனால் ஐரோப்பிய வேர் சிகிச்சை சங்கத்தின் 2006ஆம் ஆண்டு நெறிமுறை, ஒரு வருடம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. கறுப்பு முழுவதும் மறையாமல் சுருங்கியிருந்தால் நான்கு ஆண்டுவரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்கிறது. எலும்பு ஆறுவது அவ்வளவு மெதுவான வேலை. சிகிச்சை முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டாலும் போதும். பழையது கையில் இல்லாவிட்டால், புதிய எக்ஸ்ரேயில் தெரியும் கறுப்பு ஆறிக்கொண்டிருக்கிறதா, வளர்ந்துகொண்டிருக்கிறதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.